பீப்பாய்க்காரன் விட்டுப்போன பெயர்

பெரிய மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தமையனுக்கு, பரம்பரைச் சின்னம் ஒன்று தேவைப்பட்டது. அறுபத்தைந்து வயதுவரை அது இல்லாமலே சாப்பிட்டு, தூங்கி, கவுன்சில் அலுவலகத்தில் வேலை செய்து, ஓய்வும் பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு திடீரென்று அது இல்லாமல் இருக்க முடியவில்லை. இணையத்தில் யாரோ விற்றார்கள், வாங்கிவிட்டார். நீல நிறக் கேடயம், மேலே பல்வலி வந்ததுபோல வாயைத் திறந்து எழுந்து நிற்கும் ஒரு சிங்கம், கீழே பாய் விரித்த ஒரு கப்பல். கண்ணாடிச் சட்டம் போட்டு, லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் தன் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினார். இலங்கையின் சிங்கக்கொடிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த மனிதர், இன்னொரு சிங்கத்தைத் தானே வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகவே நான் ஒன்றும் சொல்வதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மனதுக்குள் மட்டும் நிறையப் பேசுவேன். அங்கே என்னை வெல்ல ஆளில்லை.

அவர்கள் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள். குடும்பத்துக்கு ஓர் ஒல்லாந்துப் பெயர் இருக்கிறது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதவும், சட்டம் போடவும், தேநீர்க் கோப்பையில் அச்சடிக்கவும் அவர்களிடமே ஆட்கள் உண்டு. கதை இதுதான். யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் ஒரு தளபதி இருந்தானாம். உயரமானவனாம். குதிரையில் போகும்போது கிணற்றடியில் ஒரு பெண்ணைக் கண்டானாம். தளபதிகள் எல்லோரும் கிணற்றடியில்தான் பெண்களைக் காண்பார்கள் போலிருக்கிறது. அவர்களின் வழியில் வந்தவர்கள்தான் பெரிய மச்சானும் அவருடைய உடன்பிறப்புகளும், என் மனைவியும். ஆதாரம் கேட்டால், செத்துப்போன ஒரு பெரியப்பாவுக்குப் பூனைக்கண் என்பார்கள். பெரிய மச்சான் என்னைவிடக் கறுப்பு. ஆனால் வெயிலில் நின்றால் தனக்கு முகம் சிவந்துவிடும் என்று சொல்வார். இருபத்தைந்து கோடைகாலங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வியர்த்திருக்கிறது, சிவந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், என் பெயர் பின்னால். என் பிள்ளைக்கு என் பெயரின் முதலெழுத்து. என் தகப்பனின் பெயர் என்னோடு முடிந்துவிடும். அதுதான் வழக்கம், அதற்காக யாரும் அழுததில்லை. லண்டனில் வந்து இறங்கிய அன்று படிவம் நிரப்பிய அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர், "தகப்பன்ரை பேரைச் சொல்லும் தம்பி, பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து இந்த நகரத்தில் நான்தான் என் அப்பா.

சம்பளச் சீட்டில் அப்பாவின் பெயர். காஸ் பில்லில் அப்பாவின் பெயர். முதலில் வேலை செய்த ஹோட்டல் சமையலறையில் மேற்பார்வையாளன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஏசுவான். தான் கண்டிராத ஊரில், தனக்குத் தெரியாத மொழியில், வெங்காயம் தடிப்பாக வெட்டியதற்காக அப்பா ஏச்சு வாங்கினார். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்குப் பிறகு, சொன்னால் பிழையாக நினைக்க வேண்டாம், பிடித்தும் விட்டது. அப்பாவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு போனது. அவர் இறந்த சேதி நாற்பது நாள் கழித்து வந்தது. அவரில் எனக்கு மிஞ்சியது இந்த நாட்டுக்காரர் தப்பும் தவறுமாக உச்சரிக்கும் அந்த நீளமான பெயர் ஒன்றுதான். மகன் பிறந்தபோது பதிவு அலுவலகத்தில் அவனுக்கும் அதையே பின்பெயராக எழுதினார்கள். எங்கள் வழக்கப்படி அது பிழை. நான் திருத்தவில்லை.

மனைவி கல்யாணத்துக்குப் பிறகும் தன் பெயரை மாற்றவில்லை. "அந்தப் பேரை விட்டிடாதை" என்று தமையன் சொல்லியிருந்தார். ஐந்தாம் வகுப்புக்காரனைக் கட்டியதற்கு அவர் தங்கையை மன்னித்ததே அந்த ஒரு நிபந்தனையில்தான்.

இப்போது நான் ஸ்ட்ரெதமில் ஒரு தமிழ்க் கடையின் பின்பக்கச் சமையலறையில் ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த பலகாரங்கள் செய்கிறேன். போன வசந்தத்தில் ஒருநாள் பெரிய மச்சான் அங்கே வந்தார். வழக்கமாக வரமாட்டார், எண்ணெய் வாசம் கோட்டில் பிடித்துவிடும்.

"மச்சான், உம்மட்டை ஒரு பெரிய வேலை தரப்போறன்."

"ஓம்."

"லண்டனிலை இருக்கிற எங்கடை பேர்க்காரர் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு ஒண்டுகூடல் வைக்கிறன். ஹோல் எடுத்தாச்சு. ஒல்லாந்திலை இருந்து ஒருத்தர் வாறார். எங்கடை பேர்தான் அவருக்கும். இந்தப் பேர் எங்கை பிறந்தது, எப்பிடி எங்களிட்டை வந்தது எண்டு இருபது வருஷமா ஆராய்ச்சி செய்யிறவர். ரெத்த உறவு, மச்சான்!"

"ஓம்."

"ரோல்ஸ் பற்றிஸ் எல்லாம் வேண்டாம். அது கண்டவன் கலியாணத்திலையும் இருக்கு. லம்பிரைஸ் செய்யும். அது அவையின்ரை சாப்பாடு. அந்த மனுசன் பிறந்த நாளிலை இருந்து சாப்பிட்டது. ருசி பிழைச்சுதெண்டா எங்கடை மானம் போயிடும்."

"ஓம்."

"வேறை ஒண்டும் சொல்லமாட்டீரே நீர்?"

"ஓம்."

லம்பிரைஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இறைச்சி அவித்த தண்ணீரில் ஆக்கிய சோறு, கறி, பொரித்த கத்தரிக்காய், சீனிச் சம்பல், இறைச்சி உருண்டை, எல்லாவற்றையும் வாழையிலையில் பொதியாகக் கட்டி ஓவனில் வேகவைப்பது. கொழும்பில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் செய்வார்கள். எழுபது பேருக்குச் செய்ய இரண்டு நாள் போகும். ஒன்றுகூடலுக்கு முதல் நாள் மத்தியானம் எங்கள் வீட்டுச் சமையலறையில் மனைவி எனக்கு உதவியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒரு விஷயம். உங்கடை கையிலை கத்தி இருக்கேக்கை சொல்லக் கூடாது. எண்டாலும் சொல்லுறன்."

நான் கத்தியை வைக்கவில்லை.

"தம்பி பேர் மாத்தப்போறான்."

தம்பி என்றால் எங்கள் மகன். இருபத்துநாலு வயது. எஞ்சினியரிங் படித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான்.

"அவன்ரை பேருக்கு என்ன?"

"அவன்ரை பேருக்கு ஒண்டுமில்லை. பின்பேர். அதை எங்கடை பேருக்கு மாத்தப்போறான். அண்ணா பத்திரம் எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறார். நாளைக்கு ஹோலிலை எல்லாருக்கும் முன்னாலை கையெழுத்து வைக்கிறது."

நான் வெட்டிக்கொண்டேயிருந்தேன்.

"அண்ணான்ரை மகள் வேலைக்கு முதல் போட்ட இடத்திலையே கூப்பிட்டவங்கள். இவன் எத்தினை இடத்துக்குப் போட்டிட்டான்? உங்கடை அப்பான்ரை பேரைக் கண்டோடனை கம்ப்யூட்டரே தூக்கிக் குப்பையிலை போடுதாம். அந்த நீட்டுப் பேரை ஆர் வாசிச்சு முடிக்கிறது? வெள்ளைக்காரன் பாதியிலை தேத்தண்ணி குடிக்கப் போயிடுவான்."

"நீட்டுப் பேர்தான்" என்றேன்.

"கோவமோ?"

"இல்லை."

"மனம் நொந்தா இப்பவே சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அன்றிரவு மகன் வந்து ஓவனைத் திறந்து பார்த்தான். "ஸ்மெல்ஸ் குட், அப்பா" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் ஓவனையே பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வாயடைப்பை மட்டும் அவன் என்னிடமிருந்து சரியாக எடுத்திருக்கிறான். அதற்குப் பத்திரம் தேவைப்படவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மண்டப வாசலில் பெரிய பதாகை. ஒருபக்கம் நம்முடைய பல்வலிக்காரச் சிங்கம், மறுபக்கம் "எங்கள் உறவினரை வரவேற்கிறோம்" என்று ஆங்கிலத்தில். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பின்பெயர். ஒருவரோடொருவர் பேசாத மூன்று குடும்பங்கள் மூன்று மூலையில் இருந்தன. நான் பின்சுவரோரம் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்றேன். அது எனக்கு வசதியான இடம். மேசைக்குப் பின்னால் நிற்பவனை யாரும் பேசச் சொல்வதில்லை.

ஒல்லாந்திலிருந்து பிரபு ஒருவர் வருவார் என்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைச்சட்டை போட்ட, முதுகில் பை தொங்கிய, மெலிந்த உயரமான ஒரு கிழவர் டிராமில் வந்து இறங்கி, யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் அது என்று கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் போயிற்று. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். பெரிய மச்சான் ஓடிப்போய்ப் பொன்னாடை போர்த்தினார். குளிருக்காகத்தான் போர்த்துகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, அந்த மனிதர் அதைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

பெரிய மச்சான் நாற்பது நிமிடம் பேசினார். தளபதி, குதிரை, கிணறு. குதிரையின் நிறம்கூட இந்தமுறை சொல்லப்பட்டது. பிறகு அந்தக் கிழவர் எழுந்தார். அவருடைய ஆங்கிலம் மெதுவானது. எனக்கு லண்டன்காரர்களின் ஆங்கிலத்தைவிட நன்றாக விளங்கியது. அவருக்கும் அது இரவல் மொழி, எனக்கும் இரவல் மொழி.

முதலில் பதாகையைக் காட்டினார். "இந்தச் சின்னம் அழகாக இருக்கிறது. எங்களுடையது அல்ல. எங்களுக்குச் சின்னம் எதுவும் இருந்ததில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு மாடு இருந்தாலே பெரிய விஷயம்."

சிலர் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்தார்கள்.

பிறகு பெயரின் கதையைச் சொன்னார். அது ஒரு சிற்றூரின் பெயராம். கடல் மட்டத்துக்குக் கீழே, எப்போதும் ஈரமாக, மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும் ஓர் இடம். "ஒரு விஷயம் கவனியுங்கள்" என்றார். "அந்த ஊரின் பழைய புத்தகங்கள் எல்லாம் பார்த்துவிட்டேன். அந்த ஊரில் ஒருவருக்குமே அந்தப் பெயர் கிடையாது. ஊரில் இருப்பவனை எதற்கு ஊர்ப் பெயரால் கூப்பிட வேண்டும்? விட்டுப் போனவனைத்தான் போன இடத்தில் அப்படிக் கூப்பிடுவார்கள். ஆகவே இது பிழைக்க வழியில்லாமல் ஊரை விட்டவர்களின் பெயர். பிழைத்தவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

அப்படி விட்டுப் போனவர்களில் ஒருவன், ஏழு பிள்ளைகளில் ஆறாவது, துறைமுகப் பட்டினத்துக்குப் போய்ப் பீப்பாய் செய்யப் பழகியிருக்கிறான். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஏறியிருக்கிறான். கப்பலில் தண்ணீருக்கும் உப்பிட்ட இறைச்சிக்கும் பீப்பாய்தானே. கடைசியில் யாழ்ப்பாணக் கோட்டையில் வந்து சேர்ந்திருக்கிறான். தளபதி இல்லை. குதிரை இல்லை. நான்காவது வருடம் காய்ச்சலில் செத்துப்போனான். விட்டுப்போனவை ஒரு மேல்சட்டை, ஒரு உளிப்பெட்டி. மனைவி இல்லை, பிள்ளை இல்லை.

"பிள்ளை இல்லையோ?" என்று பெரிய மச்சான் மேடையிலிருந்தே கேட்டார்.

"இல்லை" என்றார் கிழவர், சந்தோஷமாக. கண்டுபிடித்தவனின் சந்தோஷம். "ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைத் தேவாலயத்தில் உள்ளூர்க்காரர்கள் பதினொரு பேர் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்குச் சாட்சியாக நின்றவன் இவன். பதினொரு பேரும் இவன் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் தேவாலயப் புத்தகத்தில் பெயர் இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாது, தகப்பன் காணி பிள்ளைக்கு வராது. ஆகவே வந்தார்கள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள், யாரோ ஒருவனின் பெயரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். உங்களுக்கும் அவனுக்கும் இரத்த உறவு இல்லை. எனக்கும் அவனோடு இல்லை, நான் வேறொருவனின் வழி. நமக்குள் இருப்பது பெயர் மட்டும்தான்."

அவர் தாளைப் புரட்டினார். பதினொரு பேரின் தொழிலும் எழுதியிருக்கிறது என்றார். வாசித்தார். கோட்டைக்கு விறகு போடுபவர், தோட்டக்காரர், பல்லக்குத் தூக்குபவர், பல்லக்குத் தூக்குபவர், பல்லக்குத் தூக்குபவர்.

பின்வரிசையிலிருந்த வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர், மூன்று குடும்பங்களோடும் பேசாதவர், சத்தமாகக் கேட்டார்: "அப்ப நாங்கள் பல்லக்கிலை ஏறினனாங்களோ, தூக்கினனாங்களோ?"

பெரிய மச்சான் ஒலிவாங்கியைப் பறித்து, நேரம் போதாமையால் உரை இத்துடன் முடிகிறது, எல்லோரும் சாப்பிடலாம் என்று அறிவித்தார். யாழ்ப்பாணத்தார் தங்களுக்குப் பிடிக்காத உண்மையை எப்போதும் இப்படித்தான் சாப்பாட்டால் மூடுவார்கள்.

எனக்கு அந்தப் பதினொரு பேரையும் பிடித்துவிட்டது. அதிகாரி கேட்டார், சொன்னார்கள். காரியம் முடிந்ததும் தலையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நானும் ஒரு மேசையின் முன்னால் அதைத்தான் செய்தேன். அவர்களில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம், அவர்களுக்குக் குதிரை பூட்டி மீசை வைத்த இந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் வந்தது.

கிழவர் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வாழையிலைப் பொதியை வாங்கிக்கொண்டார். பெரிய மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். "உங்கள் பாரம்பரிய உணவு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தோற்றுப்போன மனிதனின் கடைசி முயற்சி அது. கிழவர் பொதியை அவிழ்த்தார். ஆவி வந்தது. முகர்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"அருமை" என்றார். "இது என்ன? இப்படி ஒன்றை நான் வாழ்நாளில் கண்டதில்லை."

பெரிய மச்சான் என்னைப் பார்த்தார், நான்தான் ஒல்லாந்தை மாற்றிவைத்தவன் போல. பிறகு படம் எடுப்பவனைத் தேடிப் போய்விட்டார்.

கிழவர் அங்கேயே நின்று சாப்பிட்டார். நானும் அவர்கள் குடும்பமா என்று கேட்டார். இல்லை, பெண் எடுத்தவன் என்றேன். உங்கள் பெயர் என்ன என்றார். எந்தப் பெயர் என்று கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒன்று என்னுடையது, மற்றது என் அப்பாவுடையது, விமான நிலையத்தில் ஒட்டியது, மகனுக்கு என் பெயர்தான் வந்திருக்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன். இரண்டு வருடத்தில் பேசுகிற ஆங்கிலத்தை இரண்டு நிமிடத்தில் பேசியிருப்பேன்.

"இது என் அம்மாவின் ஊர் வழக்கம்!" என்றார். வடக்கே அவர்களுக்கும் குடும்பப் பெயர் இருந்ததில்லையாம். தகப்பன் பெயர்தான், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிறகு வேற்று நாட்டு அரசன் ஒருவனின் ஆட்சி வந்து, எழுத்தர்கள் புத்தகத்தோடு வந்து, இனி மாறக் கூடாது, ஒன்றைச் சொல் என்றார்களாம். "என் அம்மாவின் முன்னோன் ஒருவன் தன் அப்பாவின் பெயரைச் சொன்னான். அந்த அப்பா சேற்று நிலத்தில் மண்கட்டி வெட்டி, காயவைத்து, அடுப்பெரிக்க விற்றவன். இன்று அவன் பெயரோடு பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள், ஒரு நீதிபதி இருக்கிறார்."

"அவர்களுக்கு அவரைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரை?"

"மண் வெட்டினவரை."

அவர் யோசித்தார். "எனக்குத் தெரியும், நான் புத்தகங்களைப் பார்ப்பவன். அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே."

அந்த நேரம் பெரிய மச்சான் ஒலிவாங்கியில் மகனை அழைத்தார். மேடையில் சிறு மேசை, வெள்ளைத் துணி, பத்திரம், பேனா. தளபதி போனாலும் பெயர் இருக்கிறது, இளைய தலைமுறை அதைத் தேடி வருகிறது என்று பேசினார். பெயர் மாற்றும் பத்திரத்துக்கு உறவினர் சாட்சி வைக்கக் கூடாது. ஆகவே கிழவரைப் பார்த்து, "நீங்கள்தான் உறவில்லை என்று நிரூபித்துவிட்டீர்களே, நீங்களே சாட்சிக் கையெழுத்து வையுங்கள்" என்றார். மேலே பதாகையில் "எங்கள் உறவினரை வரவேற்கிறோம்" என்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

கிழவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். ஆசிரியர் அல்லவா, கையெழுத்துக்கு முன் பத்திரத்தை வாசித்தார். பழைய பெயர் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"நீ விடுகிற இந்தப் பெயர் யாருடையது?"

"மை கிராண்ட்டாட்" என்றான் மகன்.

"அவர் என்ன செய்தார்?"

கேட்டவருக்கு ஒரு வஞ்சகமும் இல்லை. எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. மண்டபத்தின் மறுகோடியில் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான்.

காலையிலிருந்து அங்கிருந்த ஒவ்வொருவரையும் மனதுக்குள் ஏளனம் செய்துகொண்டிருந்தவன் நான். பொய்க் குதிரை, பொய்ச் சிங்கம் என்று. அவர்கள் பொய்யென்றாலும் தங்கள் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். நான் இருபத்துநாலு வருடத்தில் அப்பாவைப் பற்றி என் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயர் மட்டும் போதும் என்று இருந்துவிட்டேன். அந்த மண்டபத்தில் ஏளனம் செய்யத் தகுந்தவன் ஒருவன் இருந்தான் என்றால் அவன் கையில் கரண்டி வைத்திருந்தான்.

"லொறியிலை மூட்டை ஏத்தினவர்" என்றேன்.

இவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன மச்சான், இப்ப ஏன் அந்தக் கதை?" என்றார் பெரிய மச்சான், ஒலிவாங்கியிலேயே.

"அரிசி மூட்டை, சீமெந்து மூட்டை" என்றேன். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரியும். "எப்பவும் இடது தோளிலைதான். அதாலை தலை வலப்பக்கம் சரிஞ்சிருக்கும். சும்மா இருக்கேக்கையும் நேரா வராது. சைக்கிள் ஓடேக்கை எங்கையோ திரும்பப்போறார் எண்டு நினைச்சு மற்றவன் வழி விடுவான்."

வழுக்கைத் தலைப் பெரியவர் தொடையில் தட்டினார். "அப்ப நல்ல பொருத்தந்தானே! நாங்கள் பல்லக்கு, அவை மூட்டை. ரெண்டு பகுதிக்கும் தோள்தான் சீதனம்!"

மண்டபம் சிரித்தது. மூன்று மூலைகளும் ஒன்றாகச் சிரித்தது அன்று அதுதான் முதல் தடவை. மகன் சிரிக்கவில்லை.

"அப்பா" என்றான் அங்கிருந்தே. "நான் சைன் பண்ணினா, ஆர் யூ ஓகே?"

மனைவி முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். பெரிய மச்சானும் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து வருடமாக ஒரே பதில்தானே.

"இல்லை" என்றேன்.

மகன் பேனாவை மூடி வைத்தான். கிழவர் தலையாட்டிவிட்டு, கையெழுத்து வைக்காமலே திரும்பி வந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

பாத்திரங்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். மகன்தான் ஓட்டினான். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டான்: "முதலே ஏன் சொல்லேல்லை? நான் அம்மாட்டைக் கேட்டனான். ஷி செட் யூ வேர் ஃபைன்."

"ஓம் எண்டுதான் சொன்னவர்" என்றாள் மனைவி.

"மனம் நொந்தா சொல்லுங்கோ எண்டு கேட்டனீ. ஓம் எண்டன்" என்றேன்.

அவள் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, "உங்களோடை ஒரு மனிசர் குடும்பம் நடத்தேலுமே" என்றாள்.

இப்போது ஒன்றரை மாதம் ஆகிறது. பெரிய மச்சான் எங்களோடு பேசுவதில்லை. சிங்கம் இன்னும் தொலைக்காட்சிக்கு மேலேதான் இருக்கிறது என்று கேள்வி. தளபதி மட்டும் இப்போது பீப்பாய்த் தொழிற்சாலை முதலாளி ஆகிவிட்டாராம். மகனுக்கு வேலை கிடைக்கவில்லை. தினமும் காலையில் மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, அந்த நீளமான பெயரை ஒவ்வொரு படிவத்திலும் முழுசாக எழுதுகிறான். அந்தப் பெயரால்தான் கூப்பிடாமல் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. அப்படித்தான் என்றால் அந்தப் பழி என்னுடையது. ஒரு சொல் சொன்னதால் வந்தது. அதைத் திரும்ப எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் காலையில் அவனைக் கடந்து போகும்போது கொஞ்சம் வேகமாகத்தான் போகிறேன்.

நேற்று இன்னொரு மறுப்புக் கடிதம் வந்தது. மனைவி அதை வாசித்துவிட்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கடை அப்பாட்டைக் கேளுங்கோ. அவர் ஒரு வேலை எடுத்துத் தரட்டும்."

"கேட்டனான்" என்றேன். "லொறியிலை ஒரு இடம் இருக்காம்."

மகன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். "எந்தத் தோள் எண்டு கேளுங்கோ" என்றான்.